தேர்தல் காரில் வந்த குரல்

முதலில் ஒரு திருத்தம். அந்தத் தேர்தல் காரில் ஒலித்த குரல் என்னுடையது என்று ஊரவர்கள் நீங்கள் இத்தனை வருடங்களாகச் சொல்லி வருகிறீர்கள். அது றோஸ்லினுடையது.

சென்ற செவ்வாய் காலை அவளுடைய மகள் மொன்றியலுக்குப் பக்கத்துக் கர்க்லாண்டிலிருந்து அழைத்து, "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். அடக்கம் முடிந்து தேநீர் குடிக்கும்போதுகூட இருவர் வந்து என் குரலைப் புகழ்ந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே கொன்வென்ட்டில் படிப்பித்தோம். என் கணவரின் தமையனார் தேர்தலில் நின்றார். மேடையில் இரண்டு மணி நேரம் முழங்குவார். கேட்க வருவது ஆண்கள் மட்டும். பெண்களுக்கு வேலிக்கு மேலால் காற்று கொண்டுவருவதுதான். ஒலிப்பதிவு செய்து காரில் போடலாம் என்று ஒரு ரேப் ரெக்கோடரை வாடகைக்கு எடுத்து எங்கள் வீட்டில் வைத்தார். மேடையில் போலவே கத்தினார்.

"ஐயா, மெசின் செவிடில்லை" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

குரலைத் தணித்தால் மரண அறிவித்தல் போல இருந்தது. விடைத்தாளோடு வந்திருந்த றோஸ்லின் சிரித்துவிட்டாள்.

"கிணத்தடியில கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ அண்ணை."

"அப்ப நீர் கதையும் பாப்பம்!"

கதைத்தாள். "அக்காமார், ஒரு குடம் நல்ல தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடக்கிறியள்?" என்று தொடங்கினாள். பத்து நிமிடம்தான். மறுநாள் கார் குறுகிய ஒழுங்கைகளுக்குள் போனபோது பெண்கள் வேலிப் படலைக்கு வந்து நின்று கேட்டார்கள். பிறகு தமையனாரும் மேடையில் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினார். எதிராளியும் ஒரு பெண் குரல் தேடினார்.

மகளின் குரல் தெருவில் போவதை றோஸ்லினுடைய தகப்பனார் பொறுக்கமாட்டார். "என்ர பேர் வேண்டாம். குரலை நீர் வச்சிரும்" என்றாள். கார் எங்கள் வாசலிலிருந்து புறப்பட்டதால் ஊர் என்னைச் சொன்னது, நானும் மறுக்கவில்லை. தகப்பனார் காலமான பிறகும், நாங்கள் இருவரும் மொன்றியலுக்கு வந்த பிறகும் மறுக்கவில்லை. அதற்குப் பெயர் கர்வம்.

டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலை முடிந்து வரும் வழியில் றோஸ்லின் எட்டிப் பார்ப்பாள். "என்ன ரீச்சர், என்ர குரல் சுகமாயிருக்கோ?" கோபம் துளியும் இருக்காது. போன வருடம் முதியோர் ஒன்றுகூடலில் அந்தக் குரலுக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கை தட்டியவள் அவள்தான்.

அந்தக் கைதட்டல் என்னிடம் இருக்கிறது. பொன்னாடையை அவளுடைய சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

அந்தக் குரலை அவளுடைய மகள் கேட்டதே இல்லை. ஒலிநாடா உங்களில் யாரிடமாவது இருக்கலாம். அதில் ஒரு வரியாவது நினைவிருக்கலாம். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். றோஸ்லின் என்று பெயர் குறிப்பிட்டு, எனக்கு எழுதி அனுப்புங்கள்.