மசகு போட்ட வண்டியும் டக்வெல்லின் குதிரையும்

எனக்குப் பள்ளிக்கூடம் இரண்டு குளிர்காலம்தான். ஆனால் 1874-இல் மேற்கே கிளம்பிய முதல் குதிரைப் போலீஸ் படைக்குச் சாமான் ஏற்றிப் போன வண்டிகளில் ஆறு என்னுடையவை. நான் இல்லாவிட்டால் பாதிப் படை பட்டினிதான். அந்தப் படையில் பெரிய குதிரைக்காரன் என்று பெயரெடுத்த ஆம்ப்ரோஸ் டக்வெல்லை ஆளாக்கியதும் நான்தான்.

அவன் டொரோண்டோவில் ரொட்டி சுட்டவன். ஆள் எடுத்தபோது, "குதிரை மேலயே பொறந்தவன்" என்று அளந்துவிட்டான். படை கிளம்பவிருந்த டஃபரின் முகாமில் நான்கே நாளில் பதினோரு தடவை விழுந்தான். சனிக்கிழமை சோதனை. தோற்றால் வீட்டுக்கு.

"அண்ணே, ரொட்டிக்கட முதலாளி மூஞ்சிக்கு நேரா சிரிச்சிட்டு வந்தேன். திரும்பிப் போக முடியாது."

"சிரிக்கறதுக்கு முன்னாடி ஏறிப் பழகியிருக்கலாம்ல?"

என் கிழட்டுப் பெட்டைக்குதிரை கிரிஸெட்டைக் கொடுத்தேன். என் வண்டியின் அச்சு அலறினால் பின்னாலேயே வரும். மேலே ஆள் இருந்தாலும் மாவு மூட்டை இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

"கடிவாளத்தத் தொடாத. பிடரியப் புடிச்சுக்க. மிச்சத்த என் வண்டி பாத்துக்கும்."

சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"நார்சிஸ்! பன்னி அறுக்கற மாதிரி கத்துதே! அச்சுக்கு மசகு போடு."

"ஐயா, எங்க மெத்தீஸ் சனங்க வண்டியில அச்சு, ஆணி எல்லாம் மரம். மசகு போட்டா புழுதி ஒட்டிக்கிட்டு சக்கரத்தையே தின்னுடும்."

"வண்டிக்காரன் எனக்குப் பாடம் எடுக்காத!"

பன்றிக் கொழுப்பைப் பூசினார்கள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. கிரிஸெட் நின்ற இடத்திலேயே புல் மேய்ந்தது. மேலே டக்வெல், பிசைந்த மாவு போல வெளுத்துப்போய். தோல்வி என்று எழுத இன்ஸ்பெக்டர் பென்சிலை நக்கினார்.

"அண்ணே, நகரவே மாட்டேங்குது!"

"பொறுடா!"

புழுதி எங்கே அதிகமோ அங்கே பார்த்து மாட்டை விரட்டினேன். கொழுப்பு புழுதியைக் குடித்தது. கொஞ்ச தூரத்தில் இடது சக்கரம் இறுகிப் புகைந்தது. பிறகு போட்டதே ஒரு கத்தல்! இருபது வருஷத்தில் அப்படியொரு ஓலத்தை நான் கேட்டதில்லை. கிரிஸெட் காதைத் தூக்கிற்று, பறந்தது. இன்ஸ்பெக்டரின் தொப்பி காற்றில் போயிற்று.

"கடிவாளத்தத் தொடாமயே ஓட்டறான்யா!" என்று வாயைப் பிளந்தவர், அங்கேயே தேர்ச்சி என்று எழுதிவிட்டார். எரிந்த அச்சை நான் மாற்றிக்கொண்டிருந்தபோதே அவர் டக்வெல்லைச் சாமான் வண்டிகளுக்குக் காவலாகப் பின்னால் வரச் சொன்னார். கேட்டதும் நான் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

மேற்கே மலை தெரியும்வரை கிரிஸெட் மேல் உட்கார்ந்து என் புழுதியைத் தின்றுகொண்டே வந்தான். தினம் எனக்குச் சூடாக ரொட்டி சுட்டுக் கொடுப்பான்.

"அண்ணே, வழியில தூங்கிறாதீங்க. உங்க வண்டி நின்னா என் உத்தியோகமும் நின்னுடும்."