தலைச்சுமையை வெட்டிய படம்

வேலுத்தாய் அத்தைக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள். வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, யாரைத் தொலைக்க வேண்டுமோ அவரைப் பார்த்தபடி மெதுவாக மெல்லுவாள். தேயிலைக் கொழுந்து எடை போடும்போது தராசைக் கால்விரலால் அழுத்திய கணக்கப்பிள்ளையை ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி மென்றாள். வெயில் வந்து, பெரிய துரை, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தைப் பார்க்க வந்த அன்று, எல்லோர் முன்னாலும், "ஐயா, பாவம், கணக்கப்பிள்ளைக்குக் கால்ல ஆணி போலிருக்கு. தராசு மேல வைக்காம அவரால நிக்க முடியல" என்றாள். அதற்குப் பிறகு அவர் தராசுப் பக்கம் வரும்போதெல்லாம் செருப்பைக்கூடத் தூரத்தில் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

வண்டிப்பெரியாருக்கு மேலே இருக்கிறது எங்கள் எஸ்டேட். அத்தை பிறந்தது அங்கே லயத்தில், ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில். சமைந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அதே வரிசையில், நாலு கதவு தள்ளி. புருஷனைக் கேட்டால், "கம்பத்துக்கு மிளகாய் வாங்கப் போயிருக்காரு" என்பாள். அவர் போய், அவர் வாங்கப்போன மிளகாய் விதை போட்டு முளைத்துக் காய்த்து எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கும்.

அடுத்த அறை எங்களுடையது. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் பொறுக்க முடியாமல் பிரிந்துவிட்டோம். அதுவரை படித்தது மலையாளம். அதனால் லயத்துக்கு வரும் மலையாளக் காகிதம் எதுவானாலும், மருந்துச் சீட்டிலிருந்து கட்சி நோட்டீஸ் வரை, வாசித்துச் சொல்வது நான்தான். சில சமயம் உள்ளதையும் வாசிப்பேன்.

கோட்டயம் பஸ்ஸில் தினமும் 'நாட்டுவிளக்கு' என்ற பேப்பர் வரும். அதில் எங்களுக்கென்று தனிச் சொற்கள் உண்டு. நாங்கள் பத்துப் பேர் நின்றால் கும்பல். துரைமார் பத்துப் பேர் நின்றால் பிரமுகர்கள். லயத்துக் கூரை காற்றில் பறந்தால் அதில் ஒரு வரி வராது. பங்களாவில் ரோஜாப்பூக் கண்காட்சி என்றால் படத்தோடு வரும். அத்தைக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. அதனால் இத்தனை வருஷமும் நிம்மதியாக அந்தப் பேப்பரில் மடித்துக் கொடுத்த வடையைத் தின்றுகொண்டிருந்தாள்.

போன வருஷம் மழைக்கு முன்னால், ஒழுகும் கூரைத் தகரத்தை மாற்றித் தரச் சொல்லி ஆட்கள் எஸ்டேட் ஆபீஸ் முன்னால் கூடினார்கள். யாரோ எறிந்த கல்லில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. யார் என்று எங்களுக்கே தெரியாது, பேப்பருக்குத் தெரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அத்தை மேல்காட்டிலிருந்து விறகுக்கட்டோடு இறங்கி வந்தாள்.

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டினால், வெட்டிய கிளைகளை ஆட்கள் விறகுக்கு எடுத்துக்கொள்ளலாம். பெண்கள் அதைக் கத்தியால் நறுக்கிக் கட்டித் தலையில் தூக்கி வருவார்கள். கத்தியை இடுப்பில் செருகினால் இறக்கத்தில் வழுக்கித் தொடையைக் கிழிக்கும். ஆகவே விறகுக்கட்டைப் பிடிக்கிற கையிலேயே கத்தியும் இருக்கும், தலைக்கு மேலே. எங்கள் மலையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் நடந்து வருவார்கள். பார்த்து யாரும் பயந்து ஓடியதில்லை, ஆடுகூட ஓடாது.

கூட்டம் வழியை அடைத்து நின்றது. "வழி விடுங்கலே, கழுத்து முறியுது!" என்று அத்தை வாயைத் திறந்தாள். அந்த வாய் திறந்த நொடியில் படம் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பேப்பரோடு என்னிடம் வந்தாள். "ஏலே சுடலை, என் மூஞ்சி வந்திருக்காம். என்னன்னு வாசி."

முதல் பக்கம். பாதிப் பக்கத்துக்கு அத்தை. ஓங்கிய கை, கத்தி, திறந்த வாய். தலைக்கு மேலே விறகுக்கட்டைக் காணோம். கத்தரியால் வளைத்து வெட்டி எடுத்துவிட்டு, கையையும் கத்தியையும் மட்டும் பத்திரமாக விட்டிருந்தார்கள். "அதிர்த்தி கடந்து வந்த கும்பல் ஆபீஸைத் தாக்கியது. கும்பலைக் கத்தியோடு நடத்தும் பெண்" என்று வாசித்தேன்.

"அதிர்த்தின்னா?"

"எல்லை. குமுளி கேட்டு."

"கேட்டுக்கு அந்தப் பக்கம் நான் மிதிச்சதே இல்லியேல."

"பேப்பர்ல மிதிச்சுட்ட அத்தை."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது கெடக்கட்டும். என் விறகு எங்க?" என்றாள்.

அந்த வாரமே அத்தையின் வேலையை நிறுத்தினார்கள். விசாரணை நடக்கும், நிரூபணமானால் பேரை வெட்டுவார்கள் என்று ஃபீல்டு ஆபீசர் சொன்னார். பேரை வெட்டினால் அறையும் போகும். அத்தைக்கு அந்த ஒற்றை அறையை விட்டால் உலகத்தில் வேறு கதவு இல்லை. அது அவருக்கும் தெரியும்.

'நாட்டுவிளக்கு'க்கு வண்டிப்பெரியாரில் நிருபரும் ஏஜெண்டும் யாக்கோபு சார். பஸ் ஸ்டாண்டில் கடை. அத்தை போய் நின்றாள், துணைக்கு நானும்.

"சாரே, என் தலையில இருந்த விறகு எங்க?"

"எந்தா அம்மே இது! பேப்பர்ல ஸ்தலம் குறைவு. ஆவசியம் இல்லாத்தது வெட்டும்."

"எனக்கு அதுதான சாரே ஆவசியம்."

"படம் பொய்யில்லையல்லோ? கை உண்டு, கத்தி உண்டு, நீங்க உண்டு. பின்னே எந்தா?" சிரித்துவிட்டுப் பஸ்ஸிலிருந்து இறக்கிய பேப்பர்க் கட்டைப் பிரிக்கப் போய்விட்டார்.

அத்தை முந்தானையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள். எனக்கு யாக்கோபு சார் மேல் அப்போதே கொஞ்சம் பரிதாபம் வந்தது.

படத்தை எடுத்தவர் ஸ்டூடியோ ஆசீர்வாதம் அண்ணாச்சி. போய்க் கேட்டதும் விறகோடு முழுப் படத்தையும் போட்டுத் தந்துவிட்டார். அவருக்கும் ஒரு வயிற்றெரிச்சல். "கல்லு மேல ஏறி நின்னு, ஃப்ரேம் பாத்துப் பாத்து எடுத்தேன். என்னா கட்டு, என்னா கழுத்து! நாசமாப் போறவன் வெட்டினதோட, நமது நிருபர் எடுத்த படம்னு வேற போட்டுக்கிட்டான்."

முழுப் படத்தை ஃபீல்டு ஆபீசரிடம் கொண்டுபோனோம். அவர் அதையும் பார்த்தார், மேஜையில் இருந்த பேப்பரையும் பார்த்தார். "இது ஸ்டூடியோவில் செய்த ஒட்டு வேலை. பேப்பரில் வந்ததுதான் படம். உன் விறகும் பேப்பரில் வரட்டும், பார்க்கலாம்" என்றார். அவர் அத்தையைப் பல வருஷமாக விறகோடு பார்க்கிறவர். இருந்தாலும் பேப்பரில் பார்க்கவில்லையே.

திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை மென்றாள். பாலத்தில் நின்று பெரியாற்றில் துப்பினாள்.

"ஏலே, அந்த ஆளு தலையிலயும் ஒரு சொமையை ஏத்தணும்."

"ஏத்தி?"

"ஏத்திப்போட்டு வெட்டணும்."

வாய்ப்பு தானாக வந்தது. யாக்கோபு சார் புது வீடு கட்டியிருந்தார், திங்கட்கிழமை பால்காய்ச்சு. ஞாயிற்றுச் சந்தையில் நான் வாழைக்குலைக் கடையில் வேலை பார்க்கிறேன். இருப்பதிலேயே பெரிய நேந்திரங்குலையை அவரே தேர்ந்தெடுத்தார். பால் காய்ச்சப் புதுப் பித்தளைப் பாத்திரம் ஒரு கையில். குலை வெட்டப் புதுக் கத்தி கக்கத்தில். சுமட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். அத்தையின் படம் வந்த நாளிலிருந்து ஒருத்தனும் அவருக்குச் சுமப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"சார், நான் தூக்கி விடுதேன். பக்கத்துலதான வீடு?" என்றேன் மரியாதையாக.

சும்மாட்டைக் கொஞ்சம் கோணலாக வைத்தேன். குலையை அதைவிடக் கோணலாக ஏற்றினேன். "கத்தி கக்கத்துல இருந்தா அறுத்துரும் சார், கையில வச்சுக்கங்க" என்று உண்மையான அக்கறையோடு எடுத்துக் கொடுத்தேன். அவர் நாலடி நடந்தார். குலை சரிந்தது. கத்தியோடு கையை உயர்த்திப் பிடித்தார். எதிரே அத்தையும் கொழுந்துக்காரிகளும் சந்தைக்கு வந்தவர்களைப் போல வழியை அடைத்து நின்றார்கள்.

"வழி மாறுங்கோ! மாறுங்கோ!" என்று அவர் வாயைத் திறந்தார்.

அத்தை இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு, "ஐயோ!" என்று பின்வாங்கினாள். அவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று எனக்கே தெரியாது. மூட்டைகளின் மேல் ஏறி நின்றிருந்த ஆசீர்வாதம் அண்ணாச்சி, ஃப்ரேம் பார்த்து ஒரே ஒரு முறை அமுக்கினார்.

கத்தரி வேலையையும் அவரே செய்தார். ரசித்து ரசித்து, ஒரு காய் மிச்சமில்லாமல் குலையை எடுத்தார். படத்தைக் குமுளி வழியாக மதுரைப் பக்கத்துத் தமிழ்ப் பேப்பர் 'வைகைக் கொடி'க்கு அனுப்பினோம். அவர் யார், எந்த ஊர் என்பதைத் தவிர, கீழே நாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. தேவையும் இருக்கவில்லை. அவர்களிடமும் சொற்கள் தயாராக இருந்தன.

"கேரளத்தில் தமிழ்ப் பெண்களை அரிவாளோடு விரட்டும் நிருபர்! கதறி ஓடும் அபலைகள்!" பாதிப் பக்கம்.

அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "கதறி ஓடுனியாம்."

"அந்தப் பேப்பர்ல வெட்ட வாரேன், இந்தப் பேப்பர்ல கதறி ஓடுதேன்." பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "ஓடுறதுதாம்ல எனக்குப் புடிக்கல. இருக்கட்டும், அந்த ஆளு மூஞ்சி நல்லா விழுந்திருக்கு."

தமிழ்நாட்டுப் பக்கத்தில், குமுளியில், கேரளப் பஸ்ஸை மறிக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. போலீஸ் யாக்கோபு சாரைக் கூப்பிட்டு விசாரித்தது. தலையில் குலை இருந்தது என்று அவர் சொல்ல, படத்தில் இல்லையே என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். கோட்டயத்துப் பெரிய ஆபீசும் விளக்கம் கேட்டது. சரியான விளக்கம் இல்லாவிட்டால் ஏஜென்சி வேறு ஆளுக்கு. பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகள் அவரை 'அரிவாள் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பேரை யார் வைத்தது என்று தெரியவில்லை. நன்றாக இருந்தது.

ஒரு சாயங்காலம் குடையும் சேறுமாக லயத்துக்கே ஏறி வந்தார். அத்தை அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"அம்மே, நீங்க கண்டதல்லே? என்டெ தலையில குலை உண்டாயிருந்தது! ஆசீர்வாதத்திடம் கேட்டா, வேலுத்தாய் சொன்னால் முழுப் படம் தராம்னு சொல்றான்."

"பேப்பர்ல ஸ்தலம் குறைவு சாரே," என்றாள் அத்தை.

அவர் முகம் வெந்த கிழங்கு மாதிரி ஆனது. "இது சதி."

"கை உண்டு, கத்தி உண்டு, நீங்க உண்டு. பின்னே எந்தா?" அத்தைக்கு அவர் குரல் அப்படியே வந்தது. நான் வெளியே போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு அத்தை சிரிக்காமல் சொன்னாள். "என் விறகை உங்க பேப்பர்ல போடுங்க. கட்டு முழுசா வரணும். நான் இங்கன பொறந்தவன்னும் வரணும். வந்த பெறகு உங்க வாழைக் கொலையைத் தாரேன்."

வந்தது. முதல் பக்கத்தில் இல்லை. உள்ளே, இறந்தவர்கள் அறிவிப்புக்குக் கீழே, தீப்பெட்டி அளவில். "முன்பு பிரசுரித்த படத்தில் விறகுக்கட்டு தவறுதலாக விடுபட்டது. இவர் எஸ்டேட்டில் பிறந்த தொழிலாளி." பாதிப் பக்கத்தில் செய்த பாவத்தைத் தீப்பெட்டியில் கழுவினார்கள். ஆனாலும் பேப்பரில் வந்துவிட்டதே. ஃபீல்டு ஆபீசர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "விறகுதான்" என்று கண்டுபிடித்தார். அடுத்த பிரட்டில் அத்தையின் பேரைக் கூப்பிட்டார்கள்.

ஆசீர்வாதம் அண்ணாச்சி போட்டுத் தந்த முழுப் படத்தை அத்தை அடுப்புக்கு எதிர்ச் சுவரில் கோதுமைப் பசையால் ஒட்டியிருக்கிறாள். முகம் தெரிய அவளை எடுத்த படம் உலகத்தில் அது ஒன்றுதான். கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. ஒருநாள் நான் இருப்பதை மறந்து, படத்தில் இருந்த தன் கழுத்தை விரலால் தடவினாள். "பாவம், எப்படி வளைஞ்சு போயிருக்கு பாரு," என்றாள், வேறு யாரையோ சொல்வது போல. அடுத்த நாளிலிருந்து மேல்காட்டு இறக்கத்தில் பாதிக் கட்டை நான் தூக்குகிறேன். லயத்தில் யாராவது கேட்டால், அத்தையிடம் வெற்றிலை திருடப் போனதாகச் சொல்வேன்.

யாக்கோபு சார் தன் படத்துக்காக எஸ்டேட் கேட்டில் காத்திருந்தார். நாங்கள் விறகோடு இறங்கினோம். அத்தையின் வலது கை தலைக்கு மேலே, கட்டோடும் கத்தியோடும்.

"சுடலை, சாருக்கு உள்ளதைக் குடுல. கை சும்மா இல்ல."

என் சட்டைப் பையிலிருந்த கவரைக் கொடுத்தேன். அவர் அவசரமாகப் பிரித்தார். உள்ளே பளபளவென்று ஒரு நேந்திரங்குலை. ஓரமெல்லாம் கத்தரியால் சுத்தமாக வளைத்து வெட்டியது. குலை மட்டும்.

"இதுல நான் இல்லையல்லோ!"

"கொலையைத் தாரேன்னுதான சொன்னேன். நான் வாக்கு மாற மாட்டேன்."

"பின்னே நெகட்டிவ்?"

"பூஞ்சணம் புடிச்சிருச்சாம்," என்றேன் நான். ஆசீர்வாதம் அண்ணாச்சி அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

"இந்தக் குலையை வச்சு நான் யாரிடம் எந்து சொல்ல?"

"அதுக்குக் கீழ என்ன வேணுமோ எழுதிக்கங்க சாரே," என்றாள் அத்தை. "எழுத உங்களுக்கா தெரியாது?"

அவர் கேட்டை அடைத்தபடி, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை ஓரடி முன்னால் வைத்தாள்.

"வழி விடுங்க சாரே. கழுத்து முறியுது."

விட்டார்.