சூடு என்று நினைத்தேன்

சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். போய் நின்றால் வராது. என் நோய் இப்படித்தான் தொடங்கியது. நம் வீடுகளில் இதற்கு ஒரே பெயர்தான்: சூடு. ஓராண்டாக இளநீர், நீர்மோர், தொப்புளில் விளக்கெண்ணெய். குடிக்கக் குடிக்க அவஸ்தை கூடியதுதான் மிச்சம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டால் எங்கே ஓடுவது?

ஒரு காலையில் ஒரு சொட்டுகூட வரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகியது. திருச்சி மருத்துவமனையில் கத்தீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) போட்டார்கள்.

"புராஸ்டேட் வீங்கியிருக்குங்க," என்றார் டாக்டர். சிறுநீர்ப் பாதையைச் சுற்றி ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி அது. "புற்று இல்லை. கத்தி வைக்காம, நீராவிச் சூடு குடுத்தே சரி பண்ணலாம். எல்லாருக்கும் ஒத்து வராது, உங்களுக்கு வரும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "சூட்டாலதானே டாக்டர் இது வந்துச்சு? மறுபடியும் சூடா?"

"சூட்டால வரலைங்க. வயசானா இது பெருசாகும். வெளியே போக வழியில்லாதப்ப மேல மேல குடிச்சிருக்கீங்க."

என் மனைவி கமலா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தானே ஊத்தி ஊத்திக் குடுத்தேன்," என்றாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கருவி வழியாக வீங்கிய சதைக்குள் அளவாக ஆவியை விட்டார்கள். சில நிமிடங்கள்தான். அதோடு விட்டது என்று நினைத்தேன். வெந்த சதை முதலில் இன்னும் வீங்குமாம். பிறகுதான் உடம்பு அதைக் கரைக்குமாம். அதுவரை குழாய்.

காலில் சிறுநீர் சேரும் பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தேன். சித்திரைத் தேர் எங்கள் வீதிக்கு வந்த அன்று கதவிடுக்கில் நின்று பார்த்தேன். பையோடு எப்படி வாசலில் நிற்பது? தேர் நகர்ந்த பிறகு அழுதேன்.

குழாயை எடுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. மறுபடி போட்டார்கள்.

"சாகிற வரைக்கும் இதுதானா டாக்டர்?"

"அவசரப்படாதீங்க. உள்ளே இன்னும் கரையணும்."

அடுத்த முறை எடுத்ததும், மருத்துவமனைக் கழிவறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே கமலா.

"என்னங்க, வருதா?"

"இரு."

எரிந்தது. நூல்போல ஒழுகியது, நின்றது, மறுபடி ஒழுகியது.

"வருது," என்றேன். வெளியே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இதே அவஸ்தையில் இருப்பவர்களே, சூடு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். டாக்டரிடம் கேட்க வெட்கப்பட்டு நான் ஓராண்டைத் தொலைத்தேன்.

இப்போது மகள் வீட்டுக்குப் போய் வருகிறேன். பாலத்தில் பஸ் நின்றால் எல்லோரும் ஆற்றைப் பார்க்கிறார்கள். நான் என் அடிவயிற்றைக் கவனிக்கிறேன். அது ஒன்றும் சொல்லாமல் இருக்கிறது. ஆனாலும் பஸ் கிளம்பும் வரை நான் மூச்சு விடுவதில்லை.