அருள்ராணியின் ஆட்டுக்கு விஷம் வைத்தது யார்

பாப்பாரப்பட்டிப் பக்கத்து அருள்ராணிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கடையில் எண்ணெய் வாங்கினால் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். மாதா கோயிலில் பூசை முடியும்வரை ஒரு கண் பீடத்தில், ஒரு கண் வாசலில் விட்ட செருப்பில். அவள் சந்தேகப்படாத ஒரே உயிர் கருவாச்சிதான். தாய் செத்துப்போன குட்டியாக வந்து, அவள் கையால் புட்டிப்பால் குடித்து வளர்ந்த வெள்ளாடு. இப்போது நாலு மாதம் தாண்டிய சினை.

சினையான புதிதில் அது ஒருநாள் பக்கத்து நிலத்து ஜானகியம்மாளின் கேழ்வரகில் வாய் வைத்துவிட்டது. "இன்னொருக்கா வந்துச்சுன்னா சும்மா வுட மாட்டேன்" என்றார் ஜானகியம்மாள். வெயிலில் நின்ற எரிச்சலில் சொன்னது. அருள்ராணி அதை மனசுக்குள் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஈனும் நாள் நெருங்க நெருங்கப் பயம் வந்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மேயவிட்டால் விஷம் வைப்பார்கள், பச்சைத் தழை ஒடித்தால் அதில் மருந்து அடித்திருப்பார்கள். மூன்று வாரமாகக் கருவாச்சி கொட்டகைக்குள்ளேயே கட்டிக் கிடந்தது. தீனி காய்ந்த சோளத்தட்டு மட்டும். அதுவும் குறைவாகத்தான். ஆடு ஏற்கெனவே கொழுத்திருக்கிறது, குட்டி பெருத்தால் ஈனும்போது திணறும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

திங்கட்கிழமை கருவாச்சி தீனியைத் தொடவில்லை. தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றது. கண்ணுக்கு முன் கையை ஆட்டினாலும் இமைக்கவில்லை. வாயருகே குனிந்தால் அழுகின பழம் போல ஒரு வாடை. அருள்ராணி மூக்கைச் சுளித்து இன்னொரு தரம் முகர்ந்தாள். மருந்து வாடையேதான். "ஜானகிதான் வெச்சுட்டா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கால்நடை டாக்டர் பிரியதர்ஷினிக்குப் போன் போட்டாள்.

டாக்டர் ஆட்டின் மூத்திரத்தில் ஒரு சின்னச் சோதனை அட்டையை நனைத்தார். அது ஊதாவாக மாறியது.

"என்ன போட்டு வளத்தீங்க?"

அருள்ராணி சொன்னாள்.

"வயித்துல ரெண்டு மூணு குட்டி இருக்கும்மா. கடைசி மாசத்துலதான் வேகமா வளரும், சத்து நெறைய கேக்கும். நீங்க வெறும் சோளத்தட்டைக் காட்டியிருக்கீங்க. குட்டிங்க சும்மா இருக்குமா? தாயி தன் ஒடம்புக் கொழுப்பையே கரைச்சுக் குடுத்திருக்கு. அவ்ளோ கொழுப்பு ஒட்டுக்கா வந்தா ஈரல் தாங்காது. அரைகொறையா எரிஞ்ச கழிவு ரத்தத்துல ஏறிடும். அதான் இந்த வாடை. கொழுத்த ஆட்டுக்குத்தான் இது சீக்கிரம் வரும்."

"யாரும் எதுவும் வெக்கலீங்களா?"

"வெளிய இருந்து எதுவும் வரல."

டாக்டரம்மா ஜானகிக்குச் சொந்தமோ என்றுகூட ஒரு கணம் ஓடியது அவளுக்கு. அதற்குள் டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, வெல்லத்தண்ணி கொடுக்கச் சொன்னார். "பச்சை வேணும். வேலிமசால் தழை கெடைச்சா நல்லது. நாளைக்குள்ள தின்ன ஆரம்பிச்சா பொழைக்கும். இல்லன்னா தாயும் இல்ல, குட்டியும் இல்ல."

அந்தப் பக்கத்தில் வேலிமசால் இருந்தது ஒரே நிலத்தில். அருள்ராணி நெடுநேரம் கருவாச்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து வரப்பில் நடந்தாள்.

ஜானகியம்மாளிடம் போய் ஒரு கட்டுத் தழை கேட்டாள். அவர் அரிவாளை எடுத்து அறுத்தார். கொட்டகை வரைக்கும் அவரே சுமந்து வந்து, ஒரு கொத்தை ஆட்டின் மூக்கருகே நீட்டினார். கருவாச்சி வெகுநேரம் முகர்ந்தது. பின் ஒரு இலையை இழுத்து மெதுவாக மென்றது.

"ஊரே என்னைய ஒரு மாதிரி பாக்குது" என்றார் ஜானகியம்மாள், ஆட்டைப் பார்த்தபடியே. "வெச்சது யாருன்னு டாக்டர் சொன்னாங்களா?"

"சொன்னாங்கக்கா" என்றாள் அருள்ராணி. "நான்தான்."