மாதிரி வகுப்பு, கடைசி பெஞ்சு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

தொடங்கி வைத்தது என் முழங்கைதான். இசை, ஓவிய ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரி அது. இரண்டுக்கும் ஒரே ஹால். என் தேர்வு நாளன்று, தூரிகை கழுவிய தண்ணீரை அப்படியே கீபோர்டுக்குள் கவிழ்த்தேன். அது ஒருமுறை விக்கியது, செத்தது. ஹாலின் மின்சாரத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு போனது. அதனால் என் மாதிரி வகுப்பைப் பின்பக்கப் பழைய அறைக்கு மாற்றினார்கள்.

மாதிரி வகுப்பில் நிஜக் குழந்தைகள் கிடையாது. கூடப் படிப்பவர்களே சின்ன பெஞ்சுகளில், முட்டி தாடையில் இடிக்க, குழந்தைகளாக நடிப்பார்கள். முன்வரிசையில் ஓவியப் பிரிவுத் தாடிக்காரன், விரல் சூப்பிக்கொண்டிருந்தான். கதவோரம் விரிவுரையாளர். "வகுப்பை அடக்கத் தெரியவில்லை" என்று இரண்டு முறை எனக்கு ஃபெயில் போட்ட அம்மணி. இன்றும் ஃபெயில் என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரு வரி பாடிக் காட்டினேன். எல்லோரும் திருப்பிப் பாடினார்கள்.

ஒரு சின்னப் பெண்ணின் குரல் மட்டும் சுருதி விலகி… கடைசி பெஞ்சிலிருந்து.

ஜன்னல் வெளிச்சத்தில் நிழலாக ஒரு தலை. நடிப்பு பிரமாதம் என்று நினைத்தேன்.

"கடைசி பெஞ்சு, மறுபடி."

மறுபடியும் விலகியது.

அம்மணியின் பேனா காத்திருந்தது. எனக்கு வீரம் வந்தது.

"தொண்டையில என்ன, தவளையா? எழுந்திரு! எல்லாரும் இவளப் பாத்துச் சிரிங்க!"

யாரும் சிரிக்கவில்லை. தாடி, வாயிலிருந்து விரலை எடுத்தான்.

"தனியாப் பாடு. சரியா வர்ற வரைக்கும்."

பாடினாள். விக்கி விக்கி அழுதுகொண்டே… பாடினாள்.

மேகம் வந்தது. வெளிச்சம் மங்கியது.

பெஞ்சில் யாருமில்லை.

குரல் நிற்கவில்லை.

"போதும்மா… உக்காரு…"

நின்றது.

"பாஸ்," என்றார் அம்மணி. எல்லோரும் தலை குனிந்து வெளியேறினார்கள். தாடியின் சட்டையைப் பிடித்தேன்.

"யாருடா அது?"

"பாஸாயிட்டல்ல? கெளம்புடா."

வராந்தாவில் அம்மணியை மறித்தேன்.

"மேடம், அங்க ஒரு கொழந்த…"

"ஆமா, இருக்கு. முன்னாடி நிஜப் பிள்ளைங்களத்தான் உக்கார வெப்போம். உன்ன மாதிரி ஒருத்தன் அந்தப் பொண்ண, சரியா வர்ற வரைக்கும் பாடுன்னான். பாடிக்கிட்டே விழுந்தா. எழுந்திருக்கல. அப்புறம் எந்த ஸ்கூலும் பிள்ளைங்கள அனுப்பறதில்ல."

"தெரிஞ்சுமா அந்த ரூம்ல…?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"பெரியவங்கள மெரட்டிப் பழகி என்னப்பா பிரயோஜனம்? ஒண்ணாவது நிஜமா அழணும்ல."