வாத்துத் தொட்டியில் கொசு இல்லை

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நாலு செடிக்குத்தான் இடம். அதிலும் இரண்டு வாத்துகள் குளிக்கட்டுமே என்று போன மாதம் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினேன்.

இன்று சாயங்காலம் விழுப்புரத்தில் வேலை முடிந்து வந்து பார்த்தால், தண்ணீர் முழுக்கக் கறுப்பாக எண்ணெய். ஒரு வாத்து செத்து மிதந்தது. இன்னொன்று செடியோரம் தொப்பலாக நனைந்து நடுங்கியது.

பக்கத்து வீட்டு மெக்கானிக் அண்ணன் காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"கொசு ஒரே பேஜாரும்மா. நீ வேலைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்க, உனக்கு எங்க நேரம்? அதான் கடையில இருந்து வேஸ்ட் ஆயில் கொண்டாந்து நானே ஊத்திட்டேன்."

"வாத்து செத்துப்போச்சுண்ணா."

"அது மேலதான் எதுவும் ஒட்டாதேம்மா?"

தண்ணீர் ஒட்டாது. ஆயில் ஒட்டும். ஆயில் பட்ட இறகு தண்ணீரை உறிஞ்சும், வாத்தும் மூழ்கும். எனக்கே இன்றுதான் தெரியும்.

மிச்சமிருப்பது இப்போது துண்டுக்குள், என் மடியில். நடுக்கம் நிற்கவில்லை. இறகிலிருந்து ஆயிலை எடுக்கத் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கொசுவுக்கு யாரும் வழி சொல்ல வேண்டாம். தொட்டியில் ஒன்றுகூட இல்லை.