பதில் எழுத்தில் வரட்டும்

தவமலருக்கு எழுத்தின் அருமையைச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, மலையூரான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசை. சுடுதண்ணீர் வரவில்லை என்று வாயால் சொன்ன விருந்தாளிக்குப் புன்னகை கிடைத்தது. அதையே தாளில் எழுதிக் கொடுத்தவருக்கு வேறு அறையும் ஒரு தட்டு ஸ்ட்ராபெரியும் கிடைத்தன. கல்யாணமாகித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு வந்து, தொழிற்சாலையில் தூள் பொட்டலம் கட்டும் வேலையில் சேர்ந்த பிறகுதான் கவனித்தாள்: இங்கே எல்லோருக்கும் புன்னகைதான்.

தோட்டத்து வழக்கம் அப்படி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், குறைகளைக் கிராணி சுகுமாரனிடம் வாயால் சொல்வார்கள். கிராணி என்றால் அலுவலகக் கணக்கர். பாதி தோட்டம் அவர் தலையாட்டலில் ஓடுகிறது. அந்தத் தலையாட்டல் மேடேறி மேனேஜரிடம் போய்ச் சேர்வதற்குள் பனியில் கரைந்துவிடும்.

ஆகவே தவமலர் ஞாயிறு மதியம் தோட்டத்து மண்டபத்தில், அலுவலக மொழியான மலாயில் எழுதப் பழக்கும் வகுப்பைப் பெண்களுக்காகத் தொடங்கினாள். சந்தைக்காரனே வியர்க்கும் அளவுக்கு மலாயில் பேரம் பேசும் பெண்கள், பேனாவைத் தொட்டதும் ஊமையானார்கள். கிராணி மனமுவந்து சாவி கொடுத்தார். ‘என் பூந்தோட்டம்’ என்று கட்டுரைத் தலைப்பும் கொடுத்தார்.

“இவங்க தோட்டத்துலதானே நாள்பூரா நிக்கறாங்க, கிராணி. அதப் பத்தி வேற எழுதணுமா?” என்றாள் தவமலர்.

அவள் சொல்லிக்கொடுத்தது வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாத்தியாருக்கு ஒரு குறிப்பு. தேதி மாற்றித் தரச்சொல்லி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஒரு செய்தி. அப்புறம் புகார்.

புகாரில்தான் வண்டி நின்றது. லைன் படிக்கட்டு விளக்கு எரியவில்லை என்று கொழுந்தெடுக்கும் மணியம்மா ஒரு பக்கம் எழுதியிருந்தாள். மேனேஜர் நலமா, அவர் தாயார் நலமா, மழை அதிகம், ஆண்டவன் காப்பாற்றட்டும். எல்லாம் இருந்தது.

“வெளக்கு எங்கக்கா?”

“பாத்த ஒடனேயே கேப்பாங்களா டீச்சர்? ஒரு வீட்டுக்குப் போனா தண்ணி குடிச்சிட்டுத்தானே விஷயத்துக்கு வருவோம்.”

“நீங்க குடிச்சு முடிக்கறதுக்குள்ள அவரு தாளத் தூக்கி ஓரமா வச்சிருவாரு லா.”

என்ன வேண்டும் என்பது முதலில், எப்போதிலிருந்து என்பது அடுத்து, பிறகு பெயரும் தேதியும். தாயார் நலத்தை நேரில் பார்க்கும்போது விசாரித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு விளக்கு, அடைத்த கால்வாய், இடிந்த படி என்று கடிதங்கள் வந்தன. ஒவ்வொருத்தியும் நகலை நீட்டிப் ‘பெற்றுக்கொண்டேன்’ முத்திரை கேட்டாள். பல வருடம் உறங்கிய முத்திரை கண் விழித்தது. படிக்கட்டு விளக்கு எரிந்தது. அதோடு, ஞாயிற்றுக்கிழமை மண்டபக் கதவில் புதுப் பூட்டும் தொங்கியது.

“மேல சொல்றாங்க, கிளாஸ் வேணாமாம்,” என்றார் சுகுமாரன்.

“யாரு சொன்னா, எதுக்குச் சொன்னா? எழுதிக் குடுங்க.”

“இதுக்குப் போய் எழுதுவாங்களா, தவமலரு? வாயால சொன்னா பத்தாதா?”

“பத்தாது.”

அவள் பெண்களை மண்டபப் படியிலேயே உட்கார வைத்தாள். அன்றைய பாடம் சாவி. மணியம்மா மலாயில் எழுதினாள்: ‘மண்டபச் சாவி எங்களுக்கு வேண்டும். தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.’ எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எதிரே, ஞாயிறும் கணக்கு வேலைக்காகத் திறந்திருந்த அலுவலகத்தில் முத்திரையும் வாங்கினார்கள்.

தேயிலை பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். கலாசார நிகழ்ச்சி என்று நினைத்திருக்கலாம். ஒரு வகையில் சரிதான். ஒவ்வொரு கேமராவுக்கும் கிராணியின் தலை ஜன்னலில் தெரிந்து மறைந்தது. தூறல் விழுந்ததும் அதையே சாக்காக வைத்து ஓடிவந்து பூட்டைத் திறந்தார்.

“தொறந்துட்டேன் லா. உள்ள போங்கம்மா, நனையாதீங்க.”

பெண்கள் தாள்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். தவமலர் எழவில்லை. வாயால் திறந்த கதவை அடுத்த வாரம் வாயாலேயே மூடலாம்.

“எழுதிக் கேட்டோம், கிராணி. பதிலும் எழுத்துல வரட்டும்.”

“மழையில உக்காந்துகிட்டா?”

எழுந்து நின்ற மணியம்மா திரும்ப உட்கார்ந்தாள். மழைக்கென்று இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்துத் தன் தலைக்கும் பக்கத்திலிருந்தவள் தலைக்கும் சேர்த்து விரித்தாள்.

“கொழுந்தெடுக்கும்போது நாங்க நிக்காத மழையா? நீங்க போய் எழுதுங்க. நாங்க இருக்கோம்.”

சுகுமாரன் அலுவலகத்துக்குப் போனார். ஜன்னல் கண்ணாடி வழியே அவர் தாளை எடுத்து உட்கார்வது தெரிந்தது. எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். படியில் யாரும் அசையவில்லை.